பேர் வெட்டின பாட்டில்

மார்ச் 2, ஞாயிறு

இந்த டைரி எனக்குன்னு யாரும் வாங்கிக் குடுத்ததில்ல. ஆறு வருசத்துக்கு முந்தி ஏதோ பேங்க்ல இவருக்குக் குடுத்தது. உறை கூடப் பிரிக்கல. இன்னிக்குப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட வெச்சிருந்த கட்டுலிருந்து உருவிட்டேன். அச்சடிச்ச கிழமை ஒண்ணும் ஒத்து வராது, அடிச்சுட்டு மேல எழுதிக்கறேன்.

இவர்னா என்ற வீட்டுக்காரர், லோகநாதன். பம்பு கம்பெனில முப்பது வருசம் சூப்பர்வைசர். தீவாளிக்கு விருப்ப ஓய்வு வாங்கிட்டு வந்து வீட்டுல உக்காந்தாரு. ஒரு மாசம் டிவி பாத்தாரு. அப்புறம் செல்போன்ல எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் காலி ரூம்ல சம்மணம் போட்டு உக்காந்து பேசறதைப் பாத்தாரு. அன்னிக்குப் புடிச்சது சனியன். மினிமலிசமாம். மனுசனுக்கு ரொம்பக் கொஞ்சம் சாமான் போதுமாம்.

முதல்ல டிவி போச்சு. அப்புறம் சோபா, ஷோகேஸ், கட்டில். பாய்ல படுத்து காலைல இடுப்பைப் புடிச்சுட்டு எந்திரிக்கறது யாருங்கறீங்க, அவரேதான். என்ற தலைக்குப் போடற சாயப் பாக்கெட்டு நாலு இருந்துது, அதையும் குப்பைல போட்டுட்டாரு. "இயற்கையா இரு சாந்தா." இயற்கையா இருந்து மூணு மாசத்துல தலை பஞ்சாட்டம் வெளுத்துருச்சு. அவருக்கு வழுக்கை. இயற்கையா இருக்கறதுல என்ன கஷ்டம் வந்துருச்சு?

வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டிருக்காரு. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகோணும். இந்த டைரிக்குப் பதிலா என்னத்தை வெளிய போடறதுன்னு தெரியல. போகட்டும், அவருக்குத் தெரிஞ்சாத்தானே.

மார்ச் 5, புதன்

இன்னிக்குச் சமையக்கட்டு முறை. சாப்பிட நாலு வட்டல், நாலு டம்ளர், ஆக்கி வெக்க ரெண்டு போசி, ஒரு குக்கர். மீதியெல்லாம் சாக்குல கட்டச் சொல்லிட்டாரு. என்ற கல்யாணச் சீருப் பாத்திரம் அத்தனையும். ஒவ்வொண்ணுலயும் 'செ.சாந்தாமணி'ன்னு பேர் வெட்டினது. "பொள்ளாச்சி ஆசிரமத்துல குடுத்துடறனுங்க"ன்னேன். "நல்ல மனசு"ன்னாரு.

ஆசிரமம் எங்க இருக்குதுன்னா ரெண்டாவது மாடில இருக்குது. விசாலம் அக்கா வீட்டுல. அக்கா வீட்டுக்காரர் துபாய்ல, வீட்டுல ரெண்டு ரூம் சும்மா கெடக்குது. இவரு காலைல வாக்கிங் போற நேரம் பாத்து ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போய் வெச்சிடறேன். லிப்ட் கெடையாது, நாப்பத்திரெண்டு படி. கிரைண்டர் அங்கதான். ஷோகேஸ் பொம்மைங்க அங்கதான். டிவியும் அங்கதான், சாயங்காலம் போய்ப் பாத்துட்டு வரேன். "சாந்தா, உன்ற வீடு பூராவும் இங்க குடி வந்துருச்சு, நீ மட்டும் எதுக்குடி கீழ கெடக்கற?"ன்னு அக்கா சிரிக்கறாங்க.

பாத்திரம் போனதுல எனக்கொண்ணும் வெசனமில்ல. கழுவற வேலை மிச்சம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்னிக்குச் சாப்பிடறப்ப சொன்னாரு. ரசம் ஊத்திட்டிருந்தேன்.

"சித்திரை ஒண்ணாந்தேதி வாடகை அக்ரிமெண்ட்டுக்கு ஓனர் வருவாரில்ல, வீட்டைக் காலி பண்றதாச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

எங்க போறதுன்னேன். அவரு ஒரே ஒரு பையோட ஊர் ஊராப் போகப் போறாராம். இமயமலை, நேபாளம், கால் போற பக்கம். நான்?

"நீ கொஞ்ச நாள் பொள்ளாச்சில உங்கண்ணன் வீட்டுல இரு."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாளுங்க?"

"பாக்கலாம்."

இருபத்தேழு வருசம் குடித்தனம் பண்ணினதுக்கு ஒரு "பாக்கலாம்." எங்கண்ணன் மகேந்திரன் வீட்டுல ரெண்டு நாள் இருந்தாலே அண்ணி குக்கர் மூடியைப் போடற சத்தம் மாறிப் போயிரும். மக தாரணி ஓசூர்ல ஒரே ரூம் வீட்டுல மாமியாரோட இருக்கறா. அவகிட்ட இதைச் சொல்லக்கூட இல்ல.

அதுக்கு முந்தி ஒரு பரீட்சை வெச்சிருக்காராம். வெள்ளியங்கிரி ஏழு மலை, தனியா, அந்த ஒரே பையோட, ஒருத்தர்கிட்டயும் ஒரு வாய் தண்ணி கூடக் கேக்காம ஏறி எறங்கிட்டா, எங்க வேணா பொழைச்சுக்கலாம்னு அர்த்தமாம். ஏறி எறங்கிட்டா வீடு இல்ல. அவ்வளவுதான் கணக்கு. ரசத்தை வட்டலுக்கு வெளிய ஊத்திட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்னிக்கு ரெண்டு பார்சல்.

மார்ச் 12, புதன்

மூணு.

மார்ச் 14, வெள்ளி

எதுவுமே வேண்டாங்கற மனுசனுக்கு எத்தனை பார்சல் வருது பாருங்க! கூரியர்க்காரன் என்னை 'அக்கா'ன்னு கூப்பிடற அளவுக்குப் பழகிட்டான். மடிக்கற டம்ளர். மடிக்கற ஸ்பூன். மடிச்சா உள்ளங்கைல அடங்கற துண்டு, அதுல மூஞ்சியத் தொடைச்சா ஈரம் அப்படியே இருக்குது. இதுபோக ஒரு தராசு, கிராம் வரைக்கும் காட்டும். சாமானைக் குறைக்கறதுக்குன்னு வாங்கின சாமான் அது.

பல்லு வெளக்கற பிரஷ்ஷைப் பாதியா அறுத்துட்டாரு. நாலு கிராம் மிச்சமாம். இவரு தொப்பையே ஆறு கிலோ இருக்கும், அதை எறக்கறதுக்கு ஒரு வழியும் காணோம்.

மார்ச் 16, ஞாயிறு

அவிநாசி ரோட்டுல ஒரு பெரிய கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. மலை ஏறறவங்களுக்குன்னே கடையாம். உள்ள ஏசி. எல்லாப் பையும் சிரிச்ச மூஞ்சியாத் தொங்குது. அங்க வேலை செய்யற பொண்ணு, தொண்டாமுத்தூர் பக்கமாம், இவரைப் பாத்ததும் ஆளு எப்படின்னு கண்டுபுடிச்சுட்டா.

"சார், இந்தப் பை வெறும் எழுநூறு கிராம்தானுங்க."

இவரு பாக்கெட்டுலிருந்து தராசை எடுத்து மாட்டிப் பாத்தாரு. எழுநூத்திப் பத்து. "பத்து கிராம் கூட இருக்குதே?"ன்னு அந்தப் பொண்ணைக் கேக்கறாரு. மார்க்கெட்டுல கத்திரிக்காய்க்குக் கூட இப்படி மல்லுக்கு நின்னதில்ல.

அப்புறம் தண்ணி பாட்டில். ஏழெட்டு எடுத்து வெச்சா. வடிகட்டற பாட்டில், சுருட்டற பாட்டில், சூடு தாங்கற பாட்டில். கடைசில ஒண்ணு, டைட்டானியமாம். தகடு அப்பளமாட்டம் மெலிசு. கையில புடிச்சா ஒண்ணுமே புடிக்காத மாதிரி இருக்குது. இவரு கண்ணு கலங்கிருச்சு. தாரணி பொறந்தப்பக் கூட இப்படிக் கலங்கினதை நான் பாக்கல.

"நூத்திப் பத்து கிராமுங்க சார்."

"உள்ள தண்ணி ஊத்தினா எத்தனைம்மா?"ன்னு நான் கேட்டேன்.

"தண்ணி வெயிட்டு தனிங்க மேடம்."

"அதைத் தூக்கறது யாரு, தனி ஆளா?"

அந்தப் பொண்ணு உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கினா. இவரு என்னை வாசப் பக்கம் போய் நிக்கச் சொல்லிட்டாரு. நின்னேன். அங்கிருந்தும் காதுல விழுந்துது. புது ஷூவை ரெண்டு வாரம் வீட்டுல போட்டு நடந்து பழக்கிட்டுத்தான் மலைக்குப் போகோணும்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. இவரு சரி சரின்னாரு. வீட்டுக்கு வந்ததும் ஷூவை டப்பாவோட பூசை அலமாரிக்குப் பக்கத்துல வெச்சுட்டாரு, அழுக்காயிருமாம்.

மார்ச் 24, திங்கள்

தையல் மிஷினைப் பத்திப் பேச்சு வந்துது. "ஓரமா நின்னுட்டு இடத்தை அடைக்குது"ன்னாரு. பதினெட்டு வருசமா நான் ஜாக்கெட் தெச்ச மிஷின். பம்பு கம்பெனில ஸ்டிரைக் நடந்தப்ப மூணு மாசம் இந்த வீட்டுல அடுப்பெரிஞ்சது அதுனாலதான். அதை நான் சொல்லல, அவருக்கே தெரியும்.

நானும் விசாலம் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு மேல கொண்டு போயிட்டோம். இனி ஜாக்கெட் தெக்கோணும்னா நாப்பத்திரெண்டு படி ஏறோணும். அக்கா சொல்றாங்க, "உன்ற முழங்கால் வலியெல்லாம் எங்கடி போச்சு?" நெசந்தான். மூணு மாசமாத் தூக்கித் தூக்கி ஏறினதுல மூச்சு கூட வாங்கறதில்ல.

வீட்டுல இப்ப பேசினா எதிரொலிக்குது. இனி வெளிய போறதுக்கு எதுவும் பாக்கி இல்ல, என்னையத் தவிர. வேடிக்கைக்கு எழுதினேன்.

மார்ச் 29, சனி

புதுப் பாத்திரம் வாங்கினா பேர் வெட்டாம வெக்கறது நம்ம பக்கம் உண்டுங்களா? கோயில் நோம்பிக்குப் போன போசி, எழவு வீட்டுக்குப் போன அண்டா, எங்க போனாலும் திரும்பி வீட்டுக்கு வந்து சேரோணும்னுதான் பேர் வெட்டறது. மூணாயிரம் மைல் போகப்போற பாட்டிலுக்கு வேண்டாமா?

இவரு குளிக்கறப்ப பாட்டிலைப் பையில போட்டுட்டு வடவள்ளி பஸ் ஸ்டாப்புக்கிட்ட இருக்கற பாத்திரக் கடைக்குப் போனேன். பேர் வெட்டற மிஷின் ரிப்பேராம். "உளியில அடிச்சுக் குடுத்தர்றனுங்க, அதுதான் நிக்கும்"ன்னாரு கடைக்காரர். பாட்டிலைத் தட்டிப் பாத்து, "என்னுங்க இது, தகரத்தை விட மெலிசா இருக்குது, ஏமாத்திட்டாங்களா?"ன்னாரு. வெலையைச் சொன்னா மயங்கிருவாருன்னு சொல்லல.

"பேரு?"

"சாந்தாமணி." வாய் அதுவாச் சொல்லிருச்சு. வீட்டுப் பாத்திரம் பொம்பளை பேர்லதானே இருக்கும்?

"இனிசியலுங்க?"

செ.வா, லோ.வா? நின்னு யோசிச்சேன். பொறந்த வீட்டுப் பாத்திரத்துல எங்கப்பா பேரு. இந்த வீடோ சித்திரைல போகப் போகுது. "இனிசியல் வேண்டாமுங்க, வெறும் பேரு போதும்"னேன்.

டொக்கு டொக்குன்னு அடிச்சாரு. எழுத்து ஜம்முன்னு வந்துது. 'ந்'னாவுக்கு மேல புள்ளி வெக்கறப்ப மட்டும் ஓங்கி ஒரு போடு போட்டாரு. புள்ளின்னா நச்சுன்னு இருக்கோணுமாம்.

மார்ச் 30, ஞாயிறு

பாத்துட்டாரு.

"சாந்தா! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற?"

"பேர் வெட்டியிருக்கறனுங்க."

"உன்ற பேரை எதுக்கு?"

"வழி தவறிப் போனா வீட்டுக்கு வந்து சேரட்டும்னுதான்."

மூஞ்சி செவந்து போச்சு. தராசை எடுத்து மாட்டினாரு. நூத்திப் பத்து. கூடவுமில்ல, குறையவுமில்ல. அதைப் பாத்ததும் கோவம் எறங்கிருச்சு. என்ற பேருக்கு வெயிட்டே இல்லைங்கறதுல அவருக்கு ஒரு நிம்மதி.

ஏப்ரல் 2, புதன்

பாட்டிலைக் கழுவித் தண்ணி புடிச்சு மேடை மேல வெச்சிருந்தேன். காலைல பாத்தா அடியில வட்டமா ஈரம். வேர்த்திருக்கும். தொடைச்சு வெச்சுட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எனக்கு இன்னிக்கு அம்பது முடிஞ்சுது. தாரணி போன் பண்ணினா. "அப்பா என்னம்மா குடுத்தாரு?"ன்னா. அப்பா பொருளாப் பரிசு குடுக்கறதில்லைன்னு கொள்கை வெச்சிருக்காருன்னேன். காலைல இவரு "நல்லா இரு சாந்தா"ன்னு தலையில கை வெச்சாரு. கை வெச்சதுல அவருக்கு வெரல் வலிச்சிருக்காது.

விசாலம் அக்கா கேசரி கிண்டியிருந்தாங்க. "இனி நீயும் வெள்ளியங்கிரி ஏறலாம்டி"ன்னாங்க. பத்து வயசுக்கு மேல அம்பது முடியற வரைக்கும் பொம்பளையாளுங்க அந்த மலை ஏறக்கூடாதுங்கறது வழக்கம். எனக்கெதுக்கு மலை, நாப்பத்திரெண்டு படியே போதும்னேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மறுபடியும் வட்டமா ஈரம். அடியில பேப்பர் போட்டு வெச்சிருந்தேன், அது ஊறிப் போயிருந்துது. பாட்டில்ல தண்ணி கழுத்துலிருந்து மூணு வெரக்கடை எறங்கியிருந்துது.

டைட்டானியம் ரொம்ப வேர்க்கும் போல.

பேப்பரைச் சுருட்டி எறிஞ்சுட்டேன். ஏறி எறங்கிட்டா வீடு இல்லைன்னு அவரேதானே சொன்னாரு. நானா பரீட்சை வெச்சேன்?

ஏப்ரல் 10, வியாழன்

போயாச்சு. வெடியால நாலரைக்கு. ஷூ இன்னிக்குத்தான் டப்பாவை விட்டு வெளிய வந்துது. பையை மாட்டிட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்கலாம்னா கண்ணாடியும் வித்தாச்சு, என்கிட்டக் கேட்டாரு, "எப்படி இருக்கு?" "பள்ளிக்கூடம் போறாப்பல இருக்குதுங்க"ன்னேன். பாட்டிலை நானே நிறைச்சுக் குடுத்தேன், என்ற கையால. பிரஷர் மாத்திரை சாப்பிட்டாரு. மத்தவங்க தண்ணிய வாங்கிராதீங்க, பரீட்சை கெட்டுரும்னு நானே சொன்னேன். அதை எதுக்குச் சொன்னேன்னு தெரியல.

மணி ஏழரை. விசாலம் அக்கா எறங்கி வந்தாங்க. நேத்து அஞ்சாவது மலையில ஒருத்தர் தண்ணியில்லாம மயங்கி விழுந்து தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்தாங்களாம். வெயில் இந்த வருசம் இப்பவே கொளுத்துதாம். "உன்ற வீட்டுக்காரர் நெறையத் தண்ணி கொண்டு போயிருக்காரில்ல?"

கொண்டு போயிருக்காருன்னேன்.

பயமா இருக்குது. வேர்க்கல அது. ஒழுகுது. எனக்கு அன்னிக்கே தெரியும்.

அக்கா வீட்டுக்குப் போய்த் தண்ணி கொண்டு போகத் தூக்குப்போசியை எடுத்துட்டு வரப் போறேன். பேரூர் போனா மலையடிவாரத்துக்கு, பூண்டிக்கு, பஸ் கெடைக்கும்.

ஏப்ரல் 11, வெள்ளி

கால் ரெண்டும் கட்டையாட்டம் இருக்குது, இருந்தாலும் எழுதிடறேன்.

பூண்டில ஒம்பதரைக்கு எறங்கினேன். அடிவாரத்துல பையைச் சோதிக்கறாங்க. பிளாஸ்டிக் இருக்குதாம்மான்னு கேட்டாங்க. என்கிட்ட பையே இல்ல. மஞ்சள் துணில நாலு வாழைப்பழம், கையில ரெண்டு லிட்டர் தூக்குப்போசி. அடுத்து வயசு. ஆதார் கார்டைக் காட்டினேன். அதுல ஜூன் மாசம்னு இருக்குது. பள்ளிக்கூடத்துல சேர்த்தறப்ப வாத்தியார் அவரு இஷ்டத்துக்குப் போட்ட தேதி.

"ஜூன்லதானம்மா அம்பது முடியுது, திரும்பிப் போங்க"ன்னாரு அங்க நின்ன ஆளு.

எனக்கு வந்துது பாருங்க ஒரு ஆத்திரம். தலையில போட்டிருந்த முந்தானையை எடுத்தேன். "கார்டு பொய் சொல்லும் சாமி, இந்தத் தலை பொய் சொல்லுமா? போன ஞாயித்துக்கிழமை அம்பது முடிஞ்சுது. மேல என்ற வீட்டுக்காரர் தண்ணியில்லாம போயிருக்காரு. விடுங்க."

தலையைப் பாத்தாரு. என்னை ஒரு அறுபதுன்னு நெனச்சிருப்பாரு. "பாத்து ஏறுங்கம்மா"ன்னு வழி விட்டுட்டாரு. சாயத்தைக் குப்பைல போட்ட புண்ணியவானுக்கு அந்த ஒரு உபகாரத்துக்கு நன்றி சொல்லோணும்.

ஒரு மூங்கில் குச்சி வாங்கிட்டு ஏறினேன், செருப்பில்லாம. முதல் மலை பூராவும் படி. எனக்குப் படின்னா இப்பப் பழக்கம். வழியில எறங்கி வர்ற ஆளுங்ககிட்டயெல்லாம் கேட்டுட்டே போனேன், "சாம்பல் பை, புது ஷூ, வழுக்கைத் தலை, பாத்தீங்களா சாமி?" ரெண்டாவது மலைல ஒருத்தர் சொன்னாரு, "ஆமாங்கம்மா, பை ஒழுகுதுன்னு சொன்னேன், வேர்வைன்னாரு." வேர்வைன்னு நானும்தானே சொன்னேன்.

அங்கிருந்து நான் நடக்கல, ஓடினேன்னே சொல்லலாம். ஏதாச்சும் ஆயிருந்தா பாவி நான்தான்னு வாய்விட்டே சொல்லிட்டுப் போனேன். பக்கத்துல வந்தவங்க சாமி பேரைச் சொல்றேன்னு நெனச்சிருப்பாங்க.

மூணாவது மலைல ஒரு பாறை மேல இருந்தாரு. ஷூவைக் கழட்டிப் பக்கத்துல வெச்சிருந்தாரு. ரெண்டு குதிகாலும் தோல் உரிஞ்சு சதை தெரியுது. ஒதடு வெடிச்சுக் கெடக்குது. மஞ்சள் வேட்டி கட்டின சாமி ஒருத்தர் சொம்புல தண்ணி நீட்டறாரு, இவரு வேண்டாம்னு தலையாட்டறாரு. அங்கிருந்து கூப்பிடு தூரத்துல சுனை. நூலாட்டம் தண்ணி, அதுக்கு ஒரு நீளமான வரிசை. வரிசைல நின்னா யார்கிட்டயோ கேக்கறாப்பல ஆயிருமாம், அதுக்கும் போகல. தலையாட்டற ஆளைப் பாத்ததும் உசுரோட இருக்காருன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. அழுதுட்டேதான் கிட்டப் போனேன்.

"நீ எங்க இங்க?"

"எனக்கு அம்பது ஆயிருச்சில்லீங்க."

தூக்குப்போசியைத் தொறந்து நீட்டினேன். பொண்டாட்டி தண்ணி மத்தவங்க தண்ணியில சேருமா சேராதான்னு ஒரு நிமிசம் யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு! அப்புறம் ரெண்டு கையாலயும் புடிச்சு மடமடன்னு குடிச்சாரு. ரெண்டரை கிலோ இருக்கும் தண்ணியோட, எத்தனை கிராம்னு கேக்கல.

குடிச்சு முடிச்சுட்டு பாட்டிலை எடுத்துக் காட்டினாரு.

"உன்ற பேர்லதான் ஓட்டை, சாந்தா. இந்த 'ந்'னா மேல இருக்கற புள்ளி."

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"எட்டு நாளா."

என்னை அப்படியே பாத்தாரு. பக்கத்துல இருந்த சாமி மெல்ல எந்திரிச்சுப் போயிட்டாரு.

"நான் செத்திருந்தா?"

"அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

"முந்தியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா பாட்டிலை மாத்தியிருப்பீங்க. உங்க ரோசனையை மாத்தியிருக்க மாட்டீங்க. நீங்க ஏறி எறங்கிட்டா எனக்கு வீடு இல்லைங்க. உங்களுக்கு ஒரு பை போதும். என்னை எந்தப் பைல வெச்சுக்குவீங்க?"

எதுத்தாப்பல இருந்த காட்டையே பாத்துட்டு உக்காந்துட்டாரு. நான் செஞ்சது பெரிய தப்பு. அதை அங்கயே சொன்னேன், இங்கயும் எழுதறேன். ஆனா அவரு செஞ்சது என்னன்னு அவரு வாய் தொறந்து சொல்லல.

அப்புறம், இத்தனை தூரம் வந்துட்டு, அம்பது வருசம் காத்திருந்த மலையை மூணோட விட்டுட்டுப் போறதா? தூக்குப்போசியை அவரு பக்கத்துல வெச்சேன்.

"மீதித் தண்ணிய வெச்சுக் குடிங்க. சாமானெல்லாம் பாத்துக்கங்க, நான் போய்ட்டு வந்தர்றேன்."

"தனியாவா? ஒண்ணுமே எடுத்துக்காமயா?"

குச்சியைக் காட்டினேன். வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தாரு. ஏழு மலையும் ஏறறவங்க எல்லாம் கைய வீசிட்டுத்தான் போறாங்க. தாகம் எடுத்தா பக்கத்துல போறவங்களைக் கேக்கறாங்க, அவங்களும் குடுக்கறாங்க. நானும் கேட்டேன், குடுத்தாங்க. ஒருத்தர் கடலை மிட்டாயும் குடுத்தாரு. இந்த சுலுவான விசயத்தை எந்த வெளிநாட்டுக்காரனும் செல்போன்ல சொல்லலையாட்ட இருக்குது.

மேல பாறை இடுக்குல சாமி. நிக்கக்கூட இடமில்ல. கும்பிட்டேன். வேண்டிக்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது. நான் எறங்கறதுக்குள்ள அந்த மனுசன் எந்திரிச்சுப் போயிராம இருக்கோணும்.

போகல. ஷூவைக் கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டிட்டு, வெறுங்காலோட நின்னுட்டிருந்தாரு. தூக்குப்போசி நிறையத் தண்ணி. அந்த வரிசைல ஒரு மணி நேரம் நின்னு புடிச்சாராம்.

"குடி"ன்னாரு. குடிச்சேன். அப்படியே எறங்கினோம். அவரு பை அவரு முதுகுல, தூக்குப்போசியும் அவரு கையில.

ஏப்ரல் 12, சனி

மஞ்சளை அரைச்சு அவரு குதிகால்ல பத்துப் போட்டேன். "எரியுது"ன்னாரு. எரியட்டும்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை 1

பத்து மணிக்கு ஓனர் வந்தாரு. உக்கார வெக்கச் சேர் இல்ல. பாய் போட்டேன். அவரு காலி வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, "என்னுங்க லோகு, அதுக்குள்ள காலி பண்ணிட்டீங்களா?"ன்னாரு. இவரு முன்கூட்டியே காதுல போட்டு வெச்சிருக்காரு போல, எனக்குத் தெரியாம.

இவரு தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்காரு, குதிகால்ல மஞ்சத் துணி. ஆமாங்கலாமா, இல்லைங்கலாமான்னு அவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள சித்திரை முடிஞ்சுரும்.

"அவரு போறாரோ இருக்காரோ, அவரு இஷ்டமுங்க. நான் இருக்கறேன். ஜாக்கெட் தெச்சு நான் வாடகை குடுத்துக்கறேன். அக்ரிமெண்ட்டை என்ற பேர்ல போடுங்க."

ஓனர் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "உங்க பேருங்கம்மா?"

"சாந்தாமணி."

"இனிசியலு?"

"லோ.ன்னு போட்டுக்கங்க"ன்னு கீழ பாய்லயிருந்து இவரு சத்தம் வந்துது.

"அது இன்னும் முடிவாகலைங்க. வெறும் சாந்தாமணின்னே போடுங்க"ன்னேன்.

ஓனர் போன பொறவு நான் பாட்டுக்கு மாங்காப் பச்சடிக்கு வெல்லம் தட்டிட்டிருந்தேன். சமையக்கட்டு வாசப்படில வந்து நின்னாரு.

"அப்ப நானு?"

"என்ன நீங்க?"

"நானும் இருக்கலாமா, சாந்தா? மலைல உக்காந்திருந்தப்பவே கேக்கோணும்னு இருந்தேன். உன்னைப் பொள்ளாச்சிக்குப் போன்னு சொன்னது தப்பு."

வெல்லம் தட்டறதை நிறுத்திட்டேன். இந்த ஒரு வரிக்கு முப்பத்தாறு நாள் காத்திருந்திருக்கேன். ஆனா ஒடனே எளகிட்டா அடுத்த வருசம் வேற எவனாச்சும் செல்போன்ல உக்காந்துக்குவான்.

"சட்டம் தெரியுமில்லீங்க? ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகோணும்."

அப்புறம் பையை எடுத்து மாட்டினாரு. கையில இருந்த வெல்லத்தைப் போட்டுட்டு வாசலுக்கு வந்தேன். கதவைத் தொறந்து, வெளிய கேட்டுப் பக்கம் போகாம, மாடிப்படில ஏற ஆரம்பிச்சாரு. நொண்டி நொண்டி நாப்பத்திரெண்டு படி. எறங்கி வர்றப்ப பை இல்ல. ரெண்டு கையாலயும் தையல் மிஷினோட தலையை அணைச்சுப் புடிச்சிருந்தாரு, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கிட்டு.

"இதெல்லாம் அங்கதான் இருக்குதா?"ன்னாரு. பையை அக்காகிட்டக் குடுக்கப் போன எடத்துல கிரைண்டரையும் பாத்துட்டாராம். ஆசிரமத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கல.

ரெண்டு பேரும் போய் ஸ்டாண்டையும் எறக்கி, மிஷினை ஜன்னலோரம் அதே இடத்துல வெச்சோம். பாட்டில்ல புள்ளி மேல எம்சீல் வெச்சு அடைச்சுக் கத்திரிக்கோல், அளவு டேப்பு போட்டு மிஷின் மேல நிறுத்தியிருக்கேன். பச்சடி வெச்சு எலைல சாப்பிட்டோம், வருசப்பொறப்பாச்சே.

சாப்பிட்டுட்டு இருக்கறப்ப மேலயிருந்து விசாலம் அக்கா எட்டிப் பாத்துக் கத்தறாங்க. "சாந்தா! இந்தப் பைய எங்கடி வெக்கறது?"

"எங்க இடம் இருக்குதோ அங்க போடுங்கக்கா"ன்னேன். "அதுல பேர் வெட்டல, திரும்பி வரலைன்னாலும் பரவால்ல."